பொன்னாத்தாளின் பதிமூன்று படிகள்

1

எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரில் ஒரு கறை இருக்கிறது. கீழ்ப்படியில் தொடங்கி மேல்படி வரைக்கும், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பட்ட கை இரண்டு வருடம் தொட்டுத் தொட்டு விழுந்த கறை அது. போன வாரம் சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்ட அளவெடுக்க வந்த வெள்ளைக்காரர் அதன் முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"விரல் பதிந்த இடமெல்லாம் கீழ்நோக்கியே இருக்கிறதே. இந்த வீட்டில் எல்லோரும் இறங்க மட்டும்தான் செய்வீர்களா? ஏறுவதே இல்லையா?" என்று கேட்டார்.

சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க அரை நாள் ஆகும். நம் தமிழ்ச் சங்க மலர் படிக்கிற உங்களுக்கென்றால் சொல்லலாம், உங்களில் பாதிப் பேருக்குப் பொன்னாத்தாளையே தெரியும்.

தெரியாதவர்களுக்கு: நான் மலையாள எல்லையோரத்து நல்லேப்பிள்ளிக்காரன். இங்கிலாந்துக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. இரண்டு தட்டுப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. தோளில் தோல்பை, வயிற்றில் டிக்கெட் மிஷின், நாள் முழுக்கப் படியேறி இறங்குவதுதான் பிழைப்பு. பொன்னாத்தாள் என் மனைவி. சாந்தி எங்கள் ஒரே மகள், பதினாறு வயது, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் வயது. பொன்னாத்தாள் வலியில்லாமல், முகத்தை முன்னால் வைத்து, இந்தப் பதிமூன்று படிகளை ஏறி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

பொன்னாத்தாளின் இடது தொடை எலும்பு பிறவியிலேயே இடுப்புக் குழியில் சரியாக உட்காரவில்லை. அவளுடைய முப்பத்தேழாவது வயதில், இங்கே எக்ஸ்ரே படத்தைப் பார்த்து ஒரு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே இது தெரியும். ஊரில் அதைச் சாய்ந்த நடை என்பார்கள். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு, மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். பெண் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். காலார நடப்பவன் மாதிரி நான் கிணற்றுப் பக்கம் போனேன். கவலை ஏற்றம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் படிப்பதற்காக விளக்குகிறேன்: மாடுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால், கயிறு உருளைமேல் ஓடி, கிணற்றிலிருந்து சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வரும், சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்க வேண்டுமானால் மாடுகள் திரும்பாமல் பின்புறமாகவே சரிவில் ஏற வேண்டும். ஓட்டுகிறவரும் அவற்றோடு பின்புறமாகவே ஏற வேண்டும். வீட்டில் மூத்த ஆண்பிள்ளை இல்லை என்பதால் பொன்னாத்தாள் பன்னிரண்டு வயதிலிருந்து கவலை ஓட்டினாள். அன்றைக்கு அவள் சரிவில் பின்னோக்கி ஏறி என்னை நோக்கி வந்தாள். நான் முதலில் பார்த்தது அவள் முதுகைத்தான். ஈரப் புடவையும் எண்ணெய் வழியும் சடையும். கிணற்று மேட்டுக்கு வந்து திரும்பியவள் என்னைக் கண்டதும் மாட்டைத் திட்டுவது மாதிரி என்னைத் திட்டினாள்.

"ஆருங்க அது, வடத்துக்குக் குறுக்கால நிக்கறது? வெலகுங்க!"

அப்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எங்கம்மா, "புள்ள நடை கொஞ்சம் சாயுதடா" என்றபோது, "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊர்க் குளிரும் சிமெண்டு நடைபாதையும் சேர்ந்து அந்தச் சாய்வை வலியாக்கின. எழுபத்தைந்தாம் வருடம் ஆபரேஷன். அப்போது புதிதாக வந்திருந்த முறை. தொடை எலும்பின் உருண்டைத் தலையை வெட்டி எறியாமல், தேய்ந்ததைச் சீவி அதன்மேல் ஓர் உலோகத் தொப்பி. இடுப்புக் குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். வயது குறைந்தவர்களுக்கு எலும்பு மிச்சமாகும், பின்னால் தேவைப்பட்டால் முழு மூட்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்று பெரிய டாக்டர் படம் வரைந்து காட்டினார். நெட்டையான மனிதர், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி டை. பொன்னாத்தாளுக்கு அவர் மேல் அப்படியொரு பக்தி. அவர் வார்டுக்குள் வந்தால் தையல் போட்ட இடுப்போடு எழுந்து உட்காரப் பார்ப்பாள்.

"சாமி வந்திருக்குது, படுத்துட்டா இருக்கறது?" என்பாள் என்னிடம்.

3

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. பழைய வலி போயிற்று. சாய்வும் குறைந்தது. ஆனால் மூன்றாவது மாதம் ஒரு புது வலி வந்து உட்கார்ந்துகொண்டது.

சமதரையில் நடந்தால் ஒன்றுமில்லை. படியேறினால் வலி. காரில் ஏறினால் வலி. கட்டிலில் காலைத் தூக்கி வைத்தால் வலி. முழங்கால் பக்கத்தில் புடவையைக் கொத்தாகப் பிடித்து, காலை மூட்டை மாதிரி கையால் தூக்கி வைப்பாள். "என்ன பண்ணுது?" என்றால், "ஒண்ணுமில்லீங்க" என்று அடுப்பைப் பார்ப்பாள்.

ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு நடை. மொழிபெயர்ப்பாளன் நான். ஒரு தடவை எனக்கு டூட்டி மாற்றிக்கொள்ள முடியாமல் சாந்தியைப் பள்ளிக்கு லீவு போடவைத்து அனுப்பினேன். பதிமூன்று வயதுப் பெண், அம்மாவின் இடுப்பைப் பற்றி ஆண் டாக்டரிடம் பேச வெட்கப்பட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நான் அவளைத் திட்டினேன். நான் அதைவிடப் பெரிய தப்புச் செய்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் கேட்பார், எங்கே வலிக்கிறது என்று. நான் பொன்னாத்தாளிடம் கேட்பேன். அவள் எனக்குப் பின்னால் நிற்கும் நர்ஸையும் எனக்கு முன்னால் இருக்கும் டாக்டரையும் பார்த்துவிட்டு, இடுப்பின் பக்கவாட்டில், தையல் தழும்பின் மேல், கையை வைப்பாள். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ என் காதோரம் மெல்லச் சொன்னாள்.

"முன்னாலயுமுங்க... தொடை இடுக்குல."

இத்தனை வருடம் பஸ்ஸில் வேலை பார்த்தவனுக்கு அதற்கான இங்கிலீஷ் வார்த்தை தெரியாதா? அதைவிட மோசமான வார்த்தைகளெல்லாம் சனிக்கிழமை மாலைகளில் என் மேல் விழுந்திருக்கின்றன. ஆனாலும் கட்டின பெண்டாட்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இன்னொரு ஆண்பிள்ளை முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "சுற்றிலும் வலிக்கிறதாம்" என்று சொன்னேன். டாக்டர் சுற்றிலும் என்று எழுதிக்கொண்டார்.

இன்னொன்று. அவளைப் படுக்கவைத்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "இடது காலை நேராக மேலே தூக்கச் சொல்லுங்கள்" என்பார். சாமி நிற்கும் திசைக்கு நேராகக் காலைத் தூக்குவதா? நானும் வேறு அதே பக்கம் நிற்கிறேன். பொன்னாத்தாள் நாலு விரல்கடை உயர்த்தி, சட்டென்று பக்கவாட்டில் போட்டுவிடுவாள். "அவ்வளவுதானா?" என்பார். அவ்வளவுதான். பிறகு அவரே காலைப் பிடித்துத் தூக்கி, மடக்கி, சுழற்றிப் பார்ப்பார். வலிக்கிறதா? "இல்லீங்க சாமி." அது பொய்யும் இல்லை.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள், சீழ் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு உடையவில்லை, தொப்பி தளரவில்லை, கிண்ணம் அசையவில்லை. பக்கவாட்டில் ஊசி போட்டார்கள். விளக்குச் சூடு காட்டினார்கள். செருப்புக்கு அடியில் அரை அங்குலம் கட்டை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு சீட்டு, ஒரு வரிசை. நாங்கள் காட்டிய இடத்துக்கு அவர்கள் ஒழுங்காக வைத்தியம் பார்த்தார்கள், வலி மட்டும் வேறு இடத்தில் இருந்தது.

4

பின்புறமாக ஏறினால் வலிக்கவில்லை என்பதைப் பொன்னாத்தாள் தானாகவே கண்டுபிடித்தாள். அவளுக்கு அதில் புதிதாகப் பழக ஒன்றும் இல்லை. வலது காலைப் பின்னால் மேல்படியில் வைத்து, உடம்பை ஏற்றி, இடது காலைக் கூட இழுத்துக்கொள்வாள். கை சுவரைத் தாங்கிக்கொள்ளும். அதுதான் அந்தக் கறை.

நான் கேலி செய்தேன். "மாட்டைக் கீழயே உட்டுட்டயா?" என்பேன்.

"மாடு கீழதானுங்க நிக்குது" என்று என்னைப் பார்த்துச் சொல்வாள்.

அவள் ஏறும்போது விழுந்துவிடக் கூடாதே என்று நான் இரண்டாவது படி வரை கூடப் போய் அங்கேயே நிற்பேன். அவள் முகம் என்னைப் பார்த்தபடி இருக்கும். மூன்றாவது படியில் இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் வரும். அதற்கப்புறம் அவள் உயர்ந்துகொண்டே போவாள். பதிமூன்று படி ஏற அவளுக்கு ஐந்து நிமிடம் ஆகும், நடுவில் நின்று பேசினால் பத்து நிமிடம். பதினெட்டு வருடக் கல்யாணத்தில் நாங்கள் பேசாததை எல்லாம் அந்தப் படியில் பேசினோம். ஊரில் அவள் தங்கச்சி கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனது, முதல் குளிர்காலத்தில் அவள் தினமும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது, சாந்தியின் தோழிகள் வந்தால் தான் சமையலறையிலேயே இருந்துவிடுவது. எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்தால் சாப்பிட்டுப் படுக்கிற ஆள் நான்.

சாந்திக்குத்தான் இது பொறுக்கவில்லை. ஒரு நாள் அவள் தோழி ஒருத்தி வந்திருந்தபோது அம்மா பின்னோக்கி ஏறுவதைப் பார்த்து அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டது. அன்று இரவு சாந்தி என்னிடம் வந்தாள்.

"அப்பா, அம்மாவ நார்மலா ஏறச் சொல்லுங்க. ப்ளீஸ்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு வலித்தது.

இரண்டாவது வருடக் கடைசியில் டாக்டர் வேறு யாருக்காகவோ போனை எடுக்கத் திரும்பியபோது மேஜைமேல் பைல் திறந்து கிடந்தது. கண்டக்டருக்குத் தலைகீழாகப் படிக்க வரும். பயணிகள் கையில் பிடித்திருக்கும் டிக்கெட்டை அப்படித்தான் படிக்கிறோம். 'நோயாளி முயற்சி செய்வதில்லை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, மன நோய் மருத்துவர் பார்க்கலாம் என்று ஒரு வரி. பக்கத்தில் கேள்விக்குறி.

கவலை ஓட்டினவளை, முயற்சி செய்வதில்லை என்று! அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆனாலும் டாக்டர் நல்ல மனிதர். கைவிடவில்லை. இனி ஒரே வழி, திறந்து பார்த்து, தொப்பியையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, எலும்புத் தலையை வெட்டி முழு மூட்டும் மாற்றுவது என்றார். வலி போகும் என்று உறுதி சொல்ல முடியாது, கால் இன்னும் பலவீனமாகவும் ஆகலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அக்டோபரில் நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் ஊருக்குப் போய் வாருங்கள் என்று அவரே சொன்னார். அன்று மாலை பொன்னாத்தாள் ஏழாவது படியில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க, அதுக்கப்புறமும் நடக்க முடியாமப் போச்சுன்னா என்னைய ஊர்ல உட்டுருவீங்களா?"

"கிறுக்கு மாதிரி பேசாத" என்றேன். எட்டாவது படிக்கு அவள் ஏறவே இல்லை, நான் மேலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

5

ஆகஸ்டில் மூன்று பேரும் கிளம்பினோம். மெட்ராஸ் கஸ்டம்ஸில் எக்ஸ்ரே படங்கள் இருந்த பெரிய உறையைத் தங்கம் கடத்துகிறோமோ என்று பிரித்து, ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். வெள்ளையாகப் பளபளக்கும் உலோகத் தொப்பியைக் காட்டி ஆபீசர், "இது என்ன?" என்றார். "என் சம்சாரம்" என்றேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆபீசர் மூன்று படிவங்களில் கையெழுத்து வாங்காமல் விடவில்லை.

நல்லேப்பிள்ளியில் என் தம்பி வீட்டில் பத்து நாள். கிணற்றில் மின்சார மோட்டார் ஓடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தைலம் கொண்டுவந்தார்கள். பொன்னாத்தாள் எல்லாத் தைலத்தையும் பக்கவாட்டிலேயே தேய்த்தாள். பக்கத்து வீட்டு மலையாளத்து டீச்சர் மட்டும், "சாரமில்ல, ஒக்க சரியாவும்" என்று மலையாளத்தில் தேறுதல் சொல்லி, கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

பிறகு அவளுடைய தம்பி நாச்சிமுத்துவைப் பார்க்க மலைக்குப் போனோம். சக்குபள்ளத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி, குமுளி ஏறி, அங்கிருந்து ஜீப். பொன்னாத்தாளை நானும் டிரைவருமாகத் தூக்கித்தான் ஜீப்பில் உட்காரவைத்தோம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

6

இரண்டாம் நாள் சாந்தி, மாமாவோடு தோட்டத்துக்குள் போய்விட்டு, இரண்டு காலிலும் அட்டை கடித்து ரத்தம் வழிய வந்தாள். அவள் போட்ட கூச்சலில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள்.

"ஒண்ணுமில்ல மச்சான், அட்டைதானுங்க. டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றான் நாச்சிமுத்து.

எஸ்டேட் டிஸ்பென்சரி ஒரு மேட்டின் மேல் இருந்தது. எட்டுக் கல்படி. சாந்தியும் நானும் முதலில் ஏறிவிட்டோம். பொன்னாத்தாள் வழக்கம்போல் திரும்பி நின்று, முதுகைக் காட்டி ஏறி வந்தாள். வாசலில் நர்ஸ் நின்றிருந்தார். புஷ்பம் என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம், ஐம்பது வயது இருக்கும். குரல் கணீரென்று இருந்தது.

"ஏம்மா, எதுக்குப் பின்னாடி பாத்து ஏறி வாரீய? வழுக்கி விழுந்தா யாரு பாக்கது?"

"முன்னால பாத்து ஏறுனா வலிக்குதுங்க."

"எங்கன வலிக்கி?"

பொன்னாத்தாள் என்னைப் பார்த்தாள். கை தானாகவே இடுப்பின் பக்கவாட்டுக்குப் போயிற்று. நர்ஸம்மா அந்தக் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க போயி அந்தப் பெஞ்சில இருங்க. கதவச் சாத்திட்டுப் போங்க. புள்ள இங்கன இருக்கட்டும், அவ காலுக்கு மருந்து போடணும்."

கதவு பலகைக் கதவு. உள்ளே பேசுவது அத்தனையும் கேட்டது.

"இப்பச் சொல்லுங்க. கைய வச்சுக் காட்டுங்க. வெக்கப்படாதீய, நானும் பொம்பளதான்... அங்கனயா? அப்ப எதுக்கு இந்த ஆப்ரேசன் தழும்புப் பக்கம் காட்டுனீய? சரி, படுங்க. இடது காலத் தூக்குங்க."

"உங்களுக்கு நேராவுங்களா?"

"என் மூஞ்சிக்கு நேராத்தான் தூக்குங்களேன், நான் என்ன சாமியா?"

பிறகு பொன்னாத்தாள் அலறினாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்படி அலறி நான் கேட்டதில்லை. எழுந்து கதவைத் தொட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

"இருங்க, இப்ப நான் தூக்குதேன். நீங்க சும்மா விடுங்க. வலிக்கா?"

"இல்லீங்க."

நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் முன்னால் நின்றார்.

"அண்ணாச்சி, எனக்கு அந்த ஆப்ரேசனப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியுது. வலி பக்கத்துல இல்ல, முன்னால இருக்கு. அதுவும் அவங்களாக் காலத் தூக்குனாத்தான் வலிக்கி, நான் தூக்குனா வலிக்கல. இத அந்த டாக்டர்ட்ட சொன்னீயளா?"

"ரெண்டு வருசமாச் சொல்லலீங்க" என்று தரையைப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் சாந்தியின் காலிலிருந்து சொட்டிய ரத்தம் இருந்தது.

"ரெண்டு வருசமாவா?" என்றார் நர்ஸம்மா. திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் ஓர் ஆள் உருவம் வரைந்தார். முன்பக்கம் பார்த்த உருவம். இடது தொடை தொடங்கும் இடத்தில் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டு என் கையில் கொடுத்தார்.

அன்று ஜீப்பில் திரும்பும்போது சாந்தி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள்.

7

திரும்பி வந்ததும் டாக்டரைப் பார்க்க நாள் கேட்டால், அக்டோபரில்தான் ஆபரேஷனே இருக்கிறதே, இப்போது எதற்கு என்று வரவேற்பில் கேட்டார்கள். புதுப் படிவம் எழுத வேண்டும், குடும்ப டாக்டரின் கடிதம் வேண்டும், ஆறு வாரம் ஆகும். பொன்னாத்தாளின் எலும்பை வெட்ட ஐந்து வாரம்தான் இருந்தது. கடைசியில் கைகொடுத்தது என் பஸ். டாக்டரின் செக்ரெட்டரி அம்மாள் தினமும் காலை எட்டு இருபதுக்கு என் வண்டியில் கீழ்த்தட்டில் உட்காருபவர். நான்கு வருடமாக டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறேன், காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பொன்னாத்தாளின் பெயரையும் அக்டோபர் ஆபரேஷனையும் சொல்லி, டிக்கெட்டோடு நர்ஸம்மாவின் சீட்டையும் நீட்டினேன். இரண்டு நிறுத்தம் தாண்டும் வரை அதையே பார்த்தார். "வியாழக்கிழமை, ஒன்பதுக்கு முன்னால் வந்துவிடுங்கள்" என்றார்.

வியாழக்கிழமை மூன்று பேரும் போனோம். டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் வரவில்லை. "சுற்றி..." என்று தொடங்கினேன்.

சாந்தி எழுந்து நின்றாள். பஸ்ஸில் வழி கேட்பது மாதிரி, சாதாரணக் குரலில், சுத்தமான இங்கிலீஷில், எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, எப்போது வலிப்பதில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் இரண்டு வருடம் விழுங்கிய வார்த்தையை அவள் மூன்று தடவை சொன்னாள். கூரை இடிந்து விழவில்லை. என் மகள் எங்களைவிட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் போயிருந்த தூரம்தான் எங்களுக்கு உதவிற்று.

"படுக்கச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர், என்னிடமல்ல, அவளிடம். வழக்கம்போல் கால்மாட்டில் நின்றார்.

"அம்மா, காலத் தூக்கு. அவர் முகத்துக்கு நேராத் தூக்கு. நர்ஸம்மா சொன்னாங்கல்ல?"

பொன்னாத்தாள் இரண்டு கையையும் கூப்பி, "சாமி, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் காலைத் தூக்கினாள். டாக்டர் குனிந்து, அந்தப் பாதத்தைத் தன் உள்ளங்கையால் தடுத்துப் பிடித்து, "இன்னும், இன்னும்" என்றார். அலறல் வந்தது. உடனே விட்டுவிட்டார். பாதம் பட்ட கையை அவர் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நான் இதை முன்பே செய்திருக்க வேண்டும். அவர் முயற்சி செய்யவில்லை என்று நினைத்துவிட்டேன்" என்றார்.

நான் எழுந்து, அவர் மேல் தப்பில்லை, அவள் முதலிலேயே சொன்னாள், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்றைக்கே எக்ஸ்ரே திரைக்கு அடியில் படுக்கவைத்து, இந்தத் தடவை முன்பக்கமாக, மிக நீளமான ஊசியால் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார். அரை மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அவரே அழைத்துப்போனார். பொன்னாத்தாள் படிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அவர் அவள் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். முதல் படி. இரண்டாவது. இடது கால் தானாகவே மடங்கி மேலே போயிற்று. எட்டாவது படியில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், யூனிபாரத்தில்.

மருந்து இறங்கியதும் வலி திரும்பி வந்தது. ஆனால் இடம் தெரிந்துவிட்டது. டாக்டர் படம் வரைந்து விளக்கினார். தொடையைத் தூக்குகிற தசையின் நார் இடுப்புக் குழிக்கு நேர் முன்னால் இறங்கி வருகிறது. தான் வைத்த பிளாஸ்டிக் கிண்ணத்தின் விளிம்பு ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். காலைத் தூக்கும்போதெல்லாம் அந்த நார் விளிம்பின் மேல் உரசுகிறது. எக்ஸ்ரேயில் நார் தெரியாது.

"என்னுங்க சொல்றாரு?" என்றாள் பொன்னாத்தாள். சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப வடம் உருளையில ஓடாம கல்லுல தேயுது. அப்புடித்தானுங்களே?"

"அப்படித்தான்."

"கல்லக் கொத்தோணுமா, கயித்தத் தளத்தோணுமா? கேளுங்க."

கேட்டேன். கவலையையும் வடத்தையும் சாந்திக்கும் சேர்த்து விளக்க வேண்டியிருந்தது. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கயிற்றைத் தளர்த்துவதுதான் முதலில், சின்ன வேலை, காலைத் தூக்கும் பலம் கொஞ்சம் குறையும், மற்றபடி எலும்பை யாரும் தொடப்போவதில்லை என்றார். அக்டோபர் நாளை அடித்துவிட்டு வேறு எழுதினார். முயற்சி செய்வதில்லை என்ற வரியையும் அடித்தார். தலைகீழாகத்தான் படித்தேன், தெளிவாகவே தெரிந்தது.

8

நாரைத் தளர்த்தி, ஆறு வாரம் வீட்டுக் கீழ்அறையில் படுத்திருந்து, ஒரு காலை வேளையில் பொன்னாத்தாள் படிக்கு முன்னால் வந்து நின்றாள். நான் டிக்கெட் மிஷினை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவன் அப்படியே நின்றேன். புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். வலது, இடது, வலது, இடது. கை சுவரைத் தொடவில்லை. பதிமூன்று படி, அரை நிமிடம் ஆகவில்லை. மேலே போய், திரும்பிப் பார்க்காமல் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

சந்தோஷத்தில் எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆனாலும் கீழேயே நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வருடம் அந்தப் படியில் என்னைப் பார்த்துக்கொண்டே போன முகம் இனி இல்லை, முதுகுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்படி ஒரு நினைப்பு வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. வலி போனதற்கு வருத்தப்படுகிற புருஷன் உலகத்தில் எங்காவது இருப்பானா? இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருடம் ஓடிவிட்டது. அவள் கடைக்குத் தனியாகப் போகிறாள். என் பஸ்ஸில் ஒரு நாள் மேல்தட்டுக்கே ஏறி வந்து, முன் ஸீட்டில் உட்கார்ந்து, என்னிடமே சில்லறை நீட்டினாள். சாந்தி புதுக் காகிதத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்துவிட்டாள். ஏதோ வெளிர் பச்சை.

நேற்று மாலை ஷிப்டு முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மடித்த துணிகளோடு பொன்னாத்தாள் படியேறத் தொடங்கினாள். இரண்டு படி ஏறியவள் நின்றாள். துணியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, திரும்பி, வலக்கையைச் சுவரில் அந்தக் கறையின் மேல் வைத்து, பின்புறமாக மூன்றாவது படியில் கால் வைத்தாள்.

ஒரு பூட்ஸோடு ஓடி இரண்டாவது படியில் ஏறினேன்.

"என்ன பொன்னாத்தா? மறுபடியும் வலிக்குதா? எங்க வலிக்குது? சொல்லு, எதையும் மறைக்காத."

மூன்றாவது படியில் அவள் கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

"எங்கயும் வலிக்கலீங்க" என்றாள். "உங்ககூடக் கொஞ்சம் பேசோணும்."